கடலூரிலிருந்து விமானத்தில் துப்பாக்கியோடு: லைசென்ஸ் முதல் லக்கேஜ் வரை

ஒவ்வொரு வருஷமும் மழைக்காலம் நெருங்கும்போது எனக்கு அந்த போன் வந்துவிடும். "அண்ணே, டெல்லியில ஷூட்டிங் மேட்ச். ட்ரெயின்ல ரெண்டு நாள் ஆகுது. ஃப்ளைட்ல துப்பாக்கி விடுவாங்களா?" விடுவார்கள். சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை பயணிகள் விமானத்தில் செக்-இன் லக்கேஜாகக் கொண்டுபோகலாம். ஆனால் மற்ற பெட்டிகளைப் போல அதைக் கொண்டுபோய் பெல்ட்டில் வைத்துவிட முடியாது. நானே பத்துப் பன்னிரண்டு தடவை போய் வந்திருக்கிறேன். இங்கிருந்து போகும் பிள்ளைகளையும் வழியனுப்பி வைத்திருக்கிறேன். ஒலிம்பிக் வரை போன இளவேனில் வாலறிவன் பிறந்த ஊர் கடலூர். அவர் வளர்ந்ததும் பயிற்சி எடுத்ததும் குஜராத்தில் என்றாலும், ஏர் ரைஃபிள் பிடிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அந்தப் பெயர் ஒரு தெம்பு. அப்படிப்பட்ட ஒரு பிள்ளை, விவரம் தெரியாமல் விமான நிலைய வாசலில் விழித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் கடைசிவரை நினைவில் வையுங்கள். பெட்டிக்குள் துப்பாக்கி இருப்பதை நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே மிஷின் முந்திக்கொண்டால் நீங்கள் பயணி இல்லை, விசாரிக்கப்படுகிற ஆள்.

முதலில் லைசென்ஸைத் திறந்து படியுங்கள்

பலர் லைசென்ஸைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதோடு சரி, படிப்பதில்லை. மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, காலாவதி தேதி. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் 2019-ல் திருத்தம் வந்த பிறகு லைசென்ஸின் ஆயுள் 5 வருஷம். அதற்கு முன் 3 வருஷமாக இருந்தது. பழைய கணக்கிலோ புதுக் கணக்கிலோ மனதில் ஒரு தேதி வைத்துக்கொள்ளாமல், அச்சில் இருப்பதைப் பாருங்கள். இரண்டாவது, யூஐஎன் எண். தேசிய ஆயுத உரிமப் பதிவில் ஏறியதற்கான அடையாளம் அது. மூன்றாவதுதான் முக்கியம்: லைசென்ஸ் எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதியிருக்கிறது?

கடலூர்க்காரருக்குக் கலெக்டர் கொடுக்கும் லைசென்ஸில் மாவட்டம் என்றோ தமிழ்நாடு என்றோ எல்லை போட்டிருந்தால், அதை வைத்துக்கொண்டு டெல்லியில் இறங்கக் கூடாது. விளையாட்டு வீரர்கள் அகில இந்திய எல்லை கேட்டு விண்ணப்பிக்கலாம், விதியில் அதற்கு இடம் இருக்கிறது. மற்றவர்கள் அந்தப் பயணத்துக்கு மட்டும் பயண உரிமம் வாங்க வேண்டும். இரண்டுக்குமே போலீஸ் அறிக்கை, ஆபீஸ் கோப்பு என்று நாளாகும். டிக்கெட் எடுத்துவிட்டு அலையாதீர்கள், முதலில் இதை முடியுங்கள்.

பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கிய நாட்டுத் துப்பாக்கி இந்தப் பேச்சிலேயே வராது. அந்த லைசென்ஸ் வயலுக்கானது. அதற்கு வேண்டிய கருமருந்தையும், மருந்தைப் பற்றவைக்கும் பெர்கஷன் கேப்பையும் எந்த விமானத்திலும் எந்தப் பெட்டியிலும் ஏற்ற முடியாது.

துப்பாக்கியை லைசென்ஸ்தாரரே கொண்டுபோக வேண்டும். "கோச் முன்னாடியே போறார், அவர்கிட்ட கொடுத்து அனுப்பிடலாமா?" என்று ஒரு அப்பா கேட்டார். கூடாது. கோச்சின் லைசென்ஸில் அந்தத் துப்பாக்கி ஏறியிருந்தால் தவிர, வழியில் அது அவர் கையில் இருப்பதே குற்றம்.

நடுவில் புதுச்சேரி இருக்கிறது

நம் ஊர்க்காரர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மீனம்பாக்கம் போக ஈ.சி.ஆரில் கிளம்பினால் ரெட்டிச்சாவடி தாண்டியதும் கன்னியக்கோயிலில் புதுச்சேரிக்குள் நுழைகிறோம். கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு, காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி, அப்புறம் மரக்காணத்துக்கு முன்னால் மறுபடி தமிழ்நாடு. பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவருக்கு இது ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டு எல்லை மட்டும் உள்ள லைசென்ஸோடு டிக்கியில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு இது இன்னொரு ஆட்சிப்பகுதி. அந்த எல்லையில் வண்டியை நிறுத்திப் பார்ப்பதும் அபூர்வம் இல்லை. மதுவிலக்கு போலீஸ் பாட்டில் தேடித்தான் டிக்கியைத் திறப்பார்கள், ஆனால் திறந்தால் தெரிவது உங்கள் பெட்டி.

அகில இந்திய எல்லை இருந்தால் கவலை இல்லை. இல்லாவிட்டால் நெல்லிக்குப்பம், பண்ருட்டி, விக்கிரவாண்டி, திண்டிவனம் வழியாகப் போங்கள். கடல் தெரியாது, அவ்வளவுதான். லைசென்ஸில் எல்லாம் சரியாக இருந்தும் நான் இந்த வழியைத்தான் பிடிக்கிறேன்.

புதுச்சேரிவாசிகளுக்கு இதே கணக்கு தலைகீழ். உங்கள் லைசென்ஸ் அங்குள்ள மாவட்ட நிர்வாகம் தருவது. புதுச்சேரி மட்டும் என்றிருந்தால், மீனம்பாக்கத்துக்கு வருவதற்கே தமிழ்நாட்டுக்குள் நுழைய வேண்டும். "லாஸ்பேட்டையிலேயே ஏர்போர்ட் இருக்கே" என்று தோன்றும். அங்கிருந்து கிளம்புவது சிறிய ஏடிஆர் விமானங்கள். டெல்லிக்கோ போபாலுக்கோ போக நடுவில் ஒரு ஊரில் மாற வேண்டும். மாறும் இடத்தில் துப்பாக்கிப் பெட்டியும் விமானம் மாற வேண்டும். என் யோசனை, நேரடி விமானம் எங்கிருந்து கிடைக்கிறதோ அங்கே போங்கள். நம் பக்கத்துக்கு அது சென்னை, சில ஊர்களுக்குத் திருச்சி.

பெயரும் நம்பரும்

இது நம் தமிழர்களுக்கே உரிய தலைவலி. லைசென்ஸில் "ஆர். செந்தில்குமார்" என்று இருக்கும். ஆதாரில் "செந்தில்குமார் ராமலிங்கம்". டிக்கெட் எடுக்கும்போது கடைசிப் பெயர் கேட்கிறதே என்று அப்பா பெயரை முன்னால் போட்டு, அது "ராமலிங்கம் செந்தில்குமார்" ஆகிவிடும். சாதாரணப் பயணத்தில் யாரும் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள். துப்பாக்கியோடு போகும்போது, இன்ஷியல் என்றால் என்ன என்றே தெரியாத ஒரு வடநாட்டு அதிகாரி மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். டிக்கெட்டில் உள்ள பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். இன்ஷியலின் விரிவு லைசென்ஸில் தகப்பனார் பெயராக எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தில் ஒரு அடையாளச் சீட்டு ஒட்டி வையுங்கள், கேட்டவுடன் காட்டலாம்.

அதே போலத் துப்பாக்கியின் நம்பர். லைசென்ஸில் எழுதியிருப்பதையும் இரும்பில் வெட்டியிருப்பதையும் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். கையால் எழுதிய பழைய புத்தகங்களில் 8-க்கும் 3-க்கும் வித்தியாசம் தெரியாது. என் பழைய ரைஃபிளின் எண்ணில் கடைசிக்கு முந்தினது 8. புத்தகத்தில் அது 3 மாதிரி இருந்தது. அதைத் திருத்தி முத்திரை வாங்க நான் மூன்று தடவை போக வேண்டியிருந்தது. அதை விமான நிலையக் கவுன்டரில் போய்க் கண்டுபிடித்திருந்தால் அந்த மேட்ச் அதோடு முடிந்திருக்கும்.

லைசென்ஸ் அசலோடு மூன்று செட் நகல், போட்டி அழைப்புக் கடிதம், மாநில ரைஃபிள் சங்கத்தின் அடையாள அட்டை, தங்கும் இட விவரம், திரும்பும் டிக்கெட் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். அந்த ஃபோல்டர் கையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தேர்தல் நேரமா என்றும் பாருங்கள். நடத்தை விதி அமலுக்கு வந்ததும் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். போட்டியில் கலந்துகொள்ளும் வீரர்களுக்கு விலக்கு கேட்க வழி உண்டு. விலக்கு ஆணை எழுத்தில் கையில் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள்.

டிக்கெட் போடும் முன் ஒரு போன்

ஆயுதம் ஏற்றுவதில் ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு நடைமுறை, ஒரு கட்டணம். அதனால் டிக்கெட்டுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். டிக்கெட் எடுத்த அன்றே மறுபடி பேசி, பயண எண், துப்பாக்கியின் வகை, தோட்டாக்களின் எண்ணிக்கை மூன்றையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். போனில் "ஓகே சார்" என்றால் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மெயிலில் வாங்குங்கள். அந்த மெயிலின் அச்சுப் பிரதியும் ஃபோல்டருக்குள் போகட்டும்.

எடையும் இப்போதே பாருங்கள். போட்டி ஏர் ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம் என்பது சர்வதேச விதி. கெட்டியான பெட்டியோடு சேர்ந்தால் உள்நாட்டுப் பயணத்தில் வழக்கமாகக் கிடைக்கும் 15 கிலோவில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். ஷூட்டிங் ஜாக்கெட்டும் ஷூவும் வேறு. கூடுதல் எடையை முன்கூட்டியே வாங்குவதுதான் மலிவு.

ஜனவரி 26, ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்களில் எல்லா விமான நிலையங்களிலும், டெல்லியில் இன்னும் கூடுதலாக, சோதனை இறுகும். தேதி உங்கள் கையில் இருந்தால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பெட்டி கட்டுவது

முந்தின நாள் இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, நல்ல வெளிச்சத்தில் செய்யுங்கள். முதலில் தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றுங்கள். அப்புறம் பின்பக்கத்து அடைப்பான போல்ட்டை இழுத்து, தோட்டா போய் உட்காரும் சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டு விரலை விட்டும் பாருங்கள். மேகசின் இருக்கும்போது போல்ட்டை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும், அதனால்தான் இந்த வரிசை. போல்ட் ரைஃபிள் என்றால் போல்ட்டையே கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி அதே பெட்டியில் வைத்துவிடலாம். பேரலில் ஆரஞ்சு நிற சேஃப்டி ஃப்ளாக் மாட்டுங்கள். பெட்டியைத் திறக்கும் அதிகாரிக்குத் துப்பாக்கி தெரிந்தவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஆரஞ்சுத் துண்டு, யாருக்கும் புரிகிற பாஷை.

பெட்டி கெட்டியான பிளாஸ்டிக்கோ அலுமினியமோ, இரண்டு பூட்டு போடுவதாக இருக்கட்டும். துணி உறை போதாது. சாவி உங்கள் சட்டைப்பையில், அதுவும் நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியின் வெளியே துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். பார்க்கிறவன் எல்லாரும் உள்ளே என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல் உள்ளே போடுவது என் பழக்கம்.

துடைக்கும் சால்வென்ட், எண்ணெய் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். அவை தீப்பிடிக்கும் சரக்கு. காய்ந்த துணியும் ராடும் போதும். எலக்ட்ரானிக் ட்ரிகர், ஸ்கோப் இவற்றுக்கான உதிரி லித்தியம் பேட்டரி மட்டும் கைப்பையில் போக வேண்டும், செக்-இன்னில் கூடாது.

தோட்டா

சிக்கல் வருவது பெரும்பாலும் துப்பாக்கியால் இல்லை, தோட்டாவால்.

ஒரு தடவை போபால் போவதற்கு முந்தின இரவு. சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சுக்குத் தினமும் கொண்டுபோகும் பழைய முதுகுப்பையையே கைப்பையாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தினத்தாளைத் தரையில் விரித்து, பையைத் தலைகீழாகத் தட்டினேன். இரண்டு ரப்பர் பேண்ட், ஒரு பேனா மூடி, கிழிந்த ஸ்கோர் கார்டு. அவ்வளவுதான் என்று பையைக் கீழே வைக்கும்போது அடியில் ஏதோ இடறியது. பக்கவாட்டு ஜிப்பின் உள்துணி ஒரு விரல் அகலத்துக்குக் கிழிந்திருந்தது. விரலை விட்டுத் தள்ளினேன். .22 தோட்டா ஒன்று உருண்டு வந்து தினத்தாளில் விழுந்தது. ஒரு அங்குல நீளம்கூட முழுதாக இல்லை. பித்தளை கறுத்து, ஈய முனையில் பஞ்சு ஒட்டியிருந்தது. எத்தனை மாதமாக அங்கே கிடந்ததோ. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கைப்பையில் ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் ஸ்கேனரில் தெரியும். விமானம் போய்விடும், போலீஸ் ஸ்டேஷன், எஃப்ஐஆர். தெரியாமல் பையில் கிடந்ததைக் குற்றமாகக் கொள்ள முடியாது, வைத்திருப்பதை அறிந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் சொல்லி ரத்து செய்திருக்கின்றன. ஆனால் அந்தத் தீர்ப்பு வரும் வரை அலைவது யார்? அதனால் ரேஞ்சுப் பையும் பயணப் பையும் ஒருபோதும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஜாக்கெட் பாக்கெட், பேன்ட் பாக்கெட், ஷூவின் உள்ளே, கார் சீட்டின் பக்கம், எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். சுட்டு முடித்த காலிக் கூடு என்றாலும் வெளியே எடுத்துவிடுங்கள்.

கொண்டுபோகும் தோட்டாக்களை அவற்றின் அசல் அட்டைப் பெட்டியில், ஒவ்வொன்றும் தன் குழியில் நிற்கும்படி வையுங்கள். மேகசினில் நிரப்பி வைக்கக் கூடாது. அட்டைப் பெட்டியை ஒரு கெட்டியான சிறு பெட்டியில் பூட்டி, துப்பாக்கியிலிருந்து தனியாக, செக்-இன்னில் கொடுக்க வேண்டும். நம் நாட்டு விமானங்களில் ஒரு பயணிக்கு ஒரு துப்பாக்கி, 50 தோட்டா என்பது பொதுவான வழக்கம். சர்வதேச அளவில் விமானத்தில் ஏற்ற அனுமதிக்கும் உச்சம், பொட்டலத்தோடு சேர்த்து ஒரு ஆளுக்கு 5 கிலோ. இரண்டு பேர் பங்கை ஒரே பெட்டியில் போடக் கூடாது. போட்டிக்குக் கூடுதலாகத் தேவை என்றால் நிறுவனத்தின் எழுத்து அனுமதி வேண்டும், லைசென்ஸில் உள்ள அளவையும் தாண்டக் கூடாது.

.22 சுடுகிறவருக்கு இந்த 5 கிலோ ஒரு பிரச்சினை இல்லை. 12 போர் துப்பாக்கியால் பறக்கும் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டிக்காரருக்குத்தான் கஷ்டம். தகுதிச்சுற்றில் மட்டும் 125 தட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஷாட் வரை. 5 கிலோவில் அடங்காது. போட்டி நடக்கும் ரேஞ்சில் தோட்டா கிடைக்குமா என்று முன்பே கேட்டு, அங்கேயே வாங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல்காரர்களுக்கு

2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். போட்டியில் சுடும் ஏர் ரைஃபிளும் பிஸ்டலும் இதற்குள் வந்துவிடும். லைசென்ஸ் வேண்டாம் என்பதால் விமானத்திலும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்கேனரில் அது துப்பாக்கியாகத்தான் தெரியும். மேலே சொன்ன போன், மெயில், கவுன்டரில் அறிவிப்பது எல்லாம் உங்களுக்கும் உண்டு. லைசென்ஸுக்குப் பதிலாக வாங்கிய பில், சங்க அடையாள அட்டை, அழைப்புக் கடிதம்.

உங்களுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது, காற்று சிலிண்டர். 200 பார் அழுத்தத்தில் நிரம்பிய சிலிண்டரை விமானத்தில் ஏற்ற விட மாட்டார்கள். துப்பாக்கியிலிருந்து கழற்றி, காற்றை முழுதாக வெளியேற்றி, பிரஷர் மீட்டர் சுழியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். மீட்டர் முகம் மேலே தெரியும்படி பெட்டியில் வையுங்கள், கேட்டால் உடனே காட்டலாம். போகிற ரேஞ்சில் நிரப்ப வசதி இருக்கும். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள், 10 வருஷம் கடந்திருந்தால் போட்டியிலேயே விட மாட்டார்கள். பெல்லட் டப்பாவும் செக்-இன்னில்தான். அதில் மருந்து இல்லை என்றாலும், கைப்பையில் 500 ஈய உருண்டைகளைப் பார்த்தால் கேள்வி கேட்காமல் விட மாட்டார்கள்.

சாலையும் மீனம்பாக்கமும்

காலை விமானம் என்றால் நடுராத்திரிக்கே கிளம்ப வேண்டும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வாசலில் நிற்பது போல வழிநேரத்தைக் கணக்கிடுங்கள். டீக்கு நிறுத்தினால் ஒருவர் வண்டியிலேயே இருக்கட்டும். பொது இடத்தில் துப்பாக்கி முழுதாக மூடியிருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. டிக்கியைப் பூட்டிவிட்டு இட்லி சாப்பிடப் போகிற வேலை வேண்டாம்.

வாசலில் சிஐஎஸ்எஃப் காவலர் டிக்கெட் பார்க்கும்போதே, குரலைத் தாழ்த்தி, அமைதியாகச் சொல்லுங்கள்: "லைசென்ஸ் உள்ள விளையாட்டுத் துப்பாக்கி செக்-இன் பெட்டியில் இருக்கிறது. காலியாக இருக்கிறது. ஏர்லைனில் சொல்லியிருக்கிறேன்." இதை ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டாலும் நல்லதுதான். தமிழ் தெரியாத காவலராக இருக்கலாம். பின்னால் நிற்கும் கூட்டத்துக்குக் கேட்கும்படி "கன்" என்று சத்தமாகச் சொல்லாதீர்கள். கூட வந்த நண்பர்களிடம், அங்கே இதைப் பற்றி விளையாட்டுப் பேச்சு கூடாது என்று காரிலேயே சொல்லிவிடுங்கள்.

நேராக விமான நிறுவனக் கவுன்டருக்குப் போய் அதையே சொல்லுங்கள். ஆன்லைன் செக்-இன், தானாக லக்கேஜ் போடும் மிஷின் எதுவும் நமக்கு ஆகாது. அவர்களின் பாதுகாப்புப் பிரிவு ஆள் வருவார். காத்திருக்க வேண்டியிருக்கும். எனக்கு ஒரு தடவை முக்கால் மணி நேரம் ஆனது. அவர் வந்து தனி இடத்துக்கு அழைத்துப் போவார். அதுவரை பெட்டியைத் திறக்காதீர்கள். அவர் சொன்ன பிறகு பூட்டைத் திறந்து, ஒரு எட்டுப் பின்னால் நின்று, "நான் எடுத்துக் காட்டட்டுமா, நீங்கள் எடுக்கிறீர்களா?" என்று கேளுங்கள். காட்டச் சொன்னால் குழல் யாரையும் பார்க்காமல், விரல் ட்ரிகரில் படாமல், சேம்பரை மட்டும் காட்டுங்கள். துப்பாக்கி காலியாக இருப்பதைத் தகுதியுள்ள ஒருவர் உறுதி செய்ய வேண்டும், பறக்கும்போது யார் கைக்கும் எட்டாத இடத்தில் அது இருக்க வேண்டும் என்பது உலக நாடுகள் எல்லாம் ஒத்துக்கொண்ட விதி. அவர் அந்த வேலையைத்தான் செய்கிறார்.

அப்புறம் நம்பர் ஒப்பீடு, அறிவிப்புப் படிவம், கட்டணம், கையெழுத்து. படிவத்தில் தோட்டா எண்ணிக்கையை எண்ணிப் பார்த்து எழுதுங்கள். பெட்டியை நீங்களே பூட்டி, டேக் மாட்டி, அவர்கள் கையோடு எடுத்துப் போவதைப் பார்த்த பிறகு உள்ளே போங்கள். டேக்கின் பாதித் துண்டையும் படிவ நகலையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இறங்கிய பிறகு

துப்பாக்கிப் பெட்டி பெல்ட்டில் வரும் என்று காத்திருக்காதீர்கள். பல இடங்களில் ஊழியர் ஒருவர் கையிலேயே கொண்டுவந்து கொடுப்பார். பெல்ட் பக்கத்தில் இருக்கும் நிறுவன மேஜைக்குப் போய் டேக்கைக் காட்டுங்கள். லைசென்ஸ் கேட்பார்கள். வாங்கியதும் பூட்டு, டேக் இரண்டையும் சரிபார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் அந்த ஹாலில் பெட்டியைத் திறக்க வேண்டாம். பூட்டு உடைந்திருந்தால் நகராமல் அங்கேயே நின்று எழுத்தில் புகார் கொடுங்கள்.

நம் ஊர்ப் பருவமழையையும் கணக்கில் வையுங்கள். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். தேசியப் போட்டிகளும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். விமானம் ரத்தானால் பெட்டி உங்களிடமே திரும்பி வரும், அன்று இரவு அதைப் பொறுப்போடு வைக்க ஒரு இடம் வேண்டும். லாட்ஜ் அறையில் வைத்துவிட்டு வெளியே போக முடியாது. சென்னையில் நம்பிக்கையான சொந்தக்காரர் வீடு ஒன்றை முன்பே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் எத்தனை மணியானாலும் ஊருக்குத் திரும்பிவிடுவதுதான் சரி.

திரும்பும் பயணத்துக்கும் இதே போன், இதே மெயில், இதே கவுன்டர். போகும்போது கொடுத்த அனுமதி வரும்போது செல்லாது. ரேஞ்சிலிருந்து கிளம்பும் முன் மிச்சத் தோட்டாவை எண்ணுங்கள். 50 கொண்டுபோய் 38 சுட்டிருந்தால் 12 இருக்க வேண்டும். 11 தான் இருக்கிறது என்றால், அந்த ஒன்று கிடைக்கும் வரை எந்தப் பையையும் மூடாதீர்கள்.